தோளில் ஒரு கை

— அடுத்ததைத் தள்ளு.

— போதும்மா. அந்த டேப்லெட்டை இப்படிக் குடு.

— தள்ளுடான்னா தள்ளு. என் சாவை நான் பார்க்காம வேற யார் பார்க்கறது?

— வாயைக் கழுவும்மா. நல்லாத்தான் இருக்கே நீ.

— நான் சொல்லலடா, உன் ப்ளாக் சொல்லுது. ‘எங்கள் அன்னை இன்று எங்களை விட்டுப் பிரிந்தார்.’ நான் ஜன்னலோரமா உட்கார்ந்து ரொட்டி தின்னுக்கிட்டிருக்கேன். எங்கடா பிரிஞ்சேன்?

— அது தப்பா வெளியில போயிடுச்சும்மா. ட்ராஃப்ட்ல கிடந்தது. எப்படிப் போச்சுன்னே புரியல. ஆபீஸ்ல காலைல மீட்டிங். உள்ள நுழையறேன், எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு எழுந்து நிக்கறாங்க. யாரோ பெரிய ஆள் போயிட்டார் போலிருக்குன்னு நானும் நின்னேன்.

— எனக்கா நின்னே?

— உனக்குத்தான். முடிஞ்சதும் மேனேஜர் வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டார். அப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

— அழுதியா?

— என்னம்மா கேள்வி இது? வண்டியை எடுத்துக்கிட்டு விழுந்தடிச்சு ஓடி வந்தேன்.

— உங்கம்மா இருக்காளா இல்லையான்னு உனக்கே சந்தேகம் வந்துடுச்சாக்கும். நீ பண்ணி வச்ச அஞ்சலி ஸ்லைடு மேல உனக்கு அவ்வளவு நம்பிக்கை.

— கிண்டல் பண்ற நேரமா இது? கொஞ்சம் கேளு. முதல் பாயிண்ட், என் ப்ளாக்ல இருந்த பதிவை ஃபோன்லயே தூக்கிட்டேன். ரெண்டாவது பாயிண்ட், அது பத்தாது. அதுக்குள்ள உங்க டெலிபோன் ஊழியர் சங்கத்து ப்ளாக்ல அந்த ஸ்லைடை எம்பெட் பண்ணிட்டாங்க. மாமா பையனும் அவன் ப்ளாக்ல போட்டுட்டான். அங்கெல்லாம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

— எம்பெட்டுன்னா?

— ஸ்லைடு இருக்கறது ஒரே இடத்துலதான், என் கணக்குல. மத்தவங்க ப்ளாக்ல இருக்கறது வெறும் ஜன்னல். அது வழியா எட்டிப் பார்க்கறாங்க, அவ்வளவுதான். நான் இங்க அழிச்சா அங்க எல்லா ஜன்னலும் காலியாயிடும். இங்க ஒரு எழுத்தை மாத்தினாக்கூட அங்க அப்பவே மாறிடும்.

— அட, நம்ம எக்ஸ்சேஞ்ச்தான். பேசறது ஒருத்தர், நான் எத்தனை பேருக்கு லைன் போட்டு விடறேனோ அத்தனை பேர் காதுலயும் விழும். இதுக்கா இவ்வளவு இங்கிலீஷ்?

— அந்தக் கணக்கோட பாஸ்வேர்டு எனக்கு ஞாபகம் இல்ல. இந்த டேப்ல மட்டும்தான் திறந்தபடி கிடக்கு. பேத்தி படமெல்லாம் பார்க்கட்டும்னு உன்கிட்ட விட்டுட்டுப் போனது என் தப்பு. அவ வேற உனக்குப் படம் எடுக்க, மாத்தன்னு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கா. குடு, ரெண்டே நிமிஷம்.

— முழுசாப் பார்த்துட்டுத் தரேன். எனக்குன்னு பண்ணியிருக்கே, நான் ரசிக்க வேணாமா? முதல்ல அந்த முகப்பு. பொறந்த வருஷத்தைப் போட்டு, ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கம் காலியா விட்டிருக்கே.

— அம்மா...

— எப்போ பண்ணினே?

— நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ. டாக்டர் கையை விரிச்சுட்டார்மா.

— டாக்டர் கையை விரிச்சார், நீ லேப்டாப்பை விரிச்சே.

— நான் எதையும் கடைசி நேரத்துல பண்றவன் இல்ல, உனக்கே தெரியும். கல்யாணம்னாலும் சரி, பிறந்தநாள்னாலும் சரி, முன்னாடியே ரெடியா வச்சுடுவேன். என் வேலையே அதுதானே. ஊருக்கெல்லாம் ட்ரெயினிங் குடுக்கறவன் நானே திணறினா எப்படி?

— உங்கப்பாவுக்கும் முன்னாடியேவா?

— இல்ல. அப்பாவுக்கு லேட்டாயிடுச்சு. துக்கத்துக்கு ஆள் வந்து நிக்கும்போது நான் படம் தேடிக்கிட்டிருந்தேன். அதனாலதான் உனக்கு...

— ஓ. அனுபவம்.

— அப்படி இல்லம்மா.

— பொழைச்சு வந்தேனே, அப்பவாவது அழிச்சிருக்கலாமே?

— கஷ்டப்பட்டுப் பண்ணினது. என்னிக்காவது...

— முழுங்காதே, சொல்லு. என்னிக்காவது வேணும். நியாயம்தான். நான் என்ன சாகாவரம் வாங்கிட்டா வந்திருக்கேன்? தள்ளு.

— இந்தா. பார்த்துட்டுக் குடு.

— ‘சிக்கனம். பொறுமை. தியாகம்.’ என்னடா இது, புள்ளி வச்சு வச்சு? பொறுமையா, எனக்கா? உங்கப்பா கேட்டிருந்தா எழுந்து உட்கார்ந்து சிரிச்சிருப்பார். அது ஏன்டா தியாகம் மட்டும் குட்டிக்கரணம் போட்டுக்கிட்டு வருது?

— அனிமேஷன்மா.

— நல்லா இருக்கு. தள்ளு. ஆங், எக்ஸ்சேஞ்ச் படம். என் போர்டு முன்னாடி உட்கார்ந்திருக்கேன். முடி எவ்வளவு இருந்திருக்கு பாரு. இரு, இரு. இதைப் பெருசு பண்ணு.

— எதை?

— என் தோளை. இது என்னடா, குட்டியா நாலு விரல்?

— நிழலா இருக்கும்.

— நிழலுக்கு நகம் இருக்குமா? இது மிளகாயோட கை. லீவு நாள்ல வீட்டுல விட ஆள் இல்லாம கூட்டிட்டுப் போயிருந்தேன். ஸ்டூல் மேல ஏறி நின்னு, என் ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டு, விழுந்துடுவோமோன்னு என் தோளைப் பிடிச்சுக்கிட்டிருந்தா. அவளை வெட்டி எறிஞ்சுட்டு கையை மட்டும் என் மேலயே விட்டு வச்சிருக்கே.

— ஃப்ரேமுக்குள்ள அடங்கலம்மா. டெக்னிக்கலா பார்த்தா...

— டெக்னிக்கலா பார்த்தா அவ உன் கூடப் பொறந்த தங்கச்சி. அவ கல்யாணம் முடிஞ்ச அன்னிக்கு நீதானே கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு ஆல்பத்துக்கு முன்னாடி உட்கார்ந்தே? நான் சமையல்கட்டுல நின்னு சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருந்தேன். நறுக் நறுக்னு. ஒரு வார்த்தை சொல்லல. அது என் லட்சணம்.

— பழசையெல்லாம் இப்ப எதுக்கும்மா கிளறிக்கிட்டு?

— நீதானே என் வாழ்க்கை வரலாறு போட்டிருக்கே? பழசு இல்லாம வேற எது இருக்கும்? தள்ளு. ‘குடும்பம்.’ இது உன் வீட்டுக்காரி, இது உன் பொண்ணு, இது உன் காரு. கீழ என்ன எழுத்து? கண்ணாடி இல்லாம தெரியல, படி.

— வேணாம் விடு.

— படிடா.

— ‘ஒரே மகனின் பாசமிகு தாய்.’

— ம்ம்.

— அதுல பொய் என்னம்மா இருக்கு? நான் ஒரே மகன்தானே?

— பொய் இல்ல. ரொம்ப சாமர்த்தியமா எழுதியிருக்கே. எத்தனை புள்ளி வச்சே, மகள் ஒருத்தின்னு இன்னும் ஒரு புள்ளி வைக்க உனக்கு மை தீர்ந்து போச்சு. சரி, சங்கத்து ப்ளாக்ல கீழ எழுதியிருக்காங்களாமே, அதைப் படி.

— அது எதுக்கு இப்போ?

— செத்தாத்தான் நாலு நல்ல வார்த்தை சொல்வாங்க. எனக்கு உயிரோட கேட்கக் குடுத்து வச்சிருக்கு. படி.

— ‘அக்காவின் தாராள மனசு யாருக்கு வரும்.’ பின்வீட்டுக்காரர்.

— என் ஏணியைத் திருப்பித் தராதவன். தாராளம்னுதான் சொல்வான். வேற யாரு?

— ‘அம்மையாரின் குரல் இன்னும் என் காதில்.’ இவர் உங்க பழைய சூப்பர்வைசரா?

— அட, அந்தாள் இன்னும் போகலையா? வேற?

— மாமா பையன் ரெண்டு கைகூப்பற பொம்மை போட்டிருக்கான். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? சரியாப் பாரு. வேற யாரும் இல்ல?

— நீ யாரைத் தேடறே?

— யாரையும் தேடல. வாசல்ல பெல் அடிக்குது, போய்ப் பாரு.

— நீ வெளியில தலையைக் காட்டாதே. யாராவது பார்த்துட்டா பயந்து விழுந்துடுவாங்க.

— நான் எங்க போகப் போறேன்? போ. மெதுவாப் பேசி அனுப்பு. அவசரம் ஒண்ணும் இல்ல.

— மலர்வளையம்மா. ஆபீஸ்லேர்ந்து. வாங்க மாட்டேன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கையெழுத்துப் போடுங்கன்னு ஒரே பிடிவாதம். எங்கடா வைக்கறதுன்னு தெரியாம ஷூ ஸ்டாண்டு மேல வச்சிருக்கேன்.

— உள்ள கொண்டு வாயேன், பார்க்கலாம்.

— வாடினது. நீ பார்க்க வேணாம். உன் டிரங்குப் பெட்டி ஏன் திறந்து கிடக்கு?

— கண்ணாடி தேடினேன்.

— கண்ணாடி உன் மூக்கு மேலதான் இருக்கு.

— அதான், தேடி எடுத்துப் போட்டுக்கிட்டேன்.

— டேப்ல ஏதாவது தொட்டியா?

— தொடாம எப்படிடா பார்க்கறது? கடைசிக்கு வந்துட்டேன். இந்தா, இதைப் பாரு. ‘நன்றி. உங்கள் கேள்விகள்?’

— ஐயோ.

— செத்துப் போனவளைப் பத்தி எல்லாம் சொல்லி முடிச்சுட்டுக் கேள்வி இருக்கான்னு கேட்கறியா?

— ஆபீஸ் டெம்ப்ளேட்ம்மா. அதுலேர்ந்துதான் எடுத்தேன். கடைசிப் பக்கத்தை மாத்த மறந்திருக்கேன். கடவுளே, இதை எத்தனை பேர் பார்த்திருப்பாங்களோ.

— எனக்குக் கேள்வி இருக்கு.

— அம்மா, விளையாடாதே.

— ‘வெளியிடு’ன்னு ஒரு பட்டன் இருக்கே, அதை நீ எப்போ அழுத்தினே?

— நான் அழுத்தவே இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது? ஏதோ சிஸ்டம் கோளாறு.

— கோளாறு இல்ல. காலைல பல் தேய்ச்சுட்டு வந்து உட்கார்ந்து நான்தான் அழுத்தினேன்.

— என்ன சொல்றே?

— காது கேட்கலையா? நான்தான்டா. ரெண்டு நாளா அதைத் திறந்து திறந்து பார்த்துக்கிட்டிருந்தேன். முதல்ல வயிறு எரிஞ்சுது. பெத்த புள்ளை நம்மளைப் பொதைச்சு வச்சுட்டு நாள் பார்த்துக்கிட்டிருக்கானேன்னு. அப்புறம் யோசிச்சேன். இதுவும் ஒரு வழிதான்.

— எதுக்கு வழி? பைத்தியமா உனக்கு? ஊரே துக்கம் விசாரிக்குது. நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஆபீஸ் போவேன்?

— உன் மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகாது. அவ கடைசியா ஃபோன்ல சொன்னப்ப நீ பக்கத்துலதானே நின்னே? ‘என் கல்யாணத்துக்கு நீ வரல. இனிமே நீ கூப்பிட்டா வரமாட்டேன். உன் சாவுக்கு வரேன்.’ சொன்ன சொல் மாறமாட்டா அவ. எத்தனை தடவை லைன் போட்டேன், எடுக்கவே இல்ல. உயிரோட இருக்கற அம்மாவுக்கு அங்க லைன் இல்லடா. செத்தாத்தானே வருவே, சரிடி, செத்துட்டேன்.

— அவ இதைப் பார்க்கவே இல்லைன்னா?

— தினமும் வெளியூர்லேர்ந்து யாரோ ஒருத்தர் தவறாம உன் ப்ளாக்கைத் திறந்து பார்க்கறாங்கன்னு பெருமையடிச்சுக்கிட்டியே. உன் எழுத்துக்கு ரசிகர்னு. அது யாருன்னு உனக்குத் தெரியல. எனக்கு நீ சொன்ன அன்னிக்கே தெரிஞ்சுது. உன் மூஞ்சியைப் பார்க்கவா அவ வரா? எங்கயாவது ஒரு மூலையில நான் தெரியறேனான்னு தேடி வரா.

— அவளுக்காக என்னைப் பலி குடுத்துட்டே. எப்பவும் போல.

— எப்பவும் போலவா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. ‘அந்தக் கல்யாணத்துக்கு நீ போனா இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்’னு சொன்னது யாரு? நான் உன் பக்கம் நின்னேன். கடைசி வரைக்கும் பையன் பார்த்துப்பான்னு கணக்குப் போட்டேன். தப்பு சொல்லல, பார்த்துக்கிட்டே. கடைசியை முன்னாடியே பார்த்துட்டே.

— போதும்! ஆஸ்பத்திரியில உன் பக்கத்துல யாரு இருந்தா? அவளா? தரையில துண்டை விரிச்சுப் படுத்தவன் நான். உன் வாயைத் துடைச்சு விட்டவன் நான். நினைவு இல்லாம நீ முனகிக்கிட்டே இருந்தே, குனிஞ்சு கேட்டேன். மிளகா, மிளகான்னு. என் பேரு ஒரு தடவைகூட வரலம்மா. ஒரே ஒரு தடவை. அன்னிக்குத்தான் லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே மகன்னு எழுதினேன். ஆமா, வேணும்னுதான் எழுதினேன்.

— அது எனக்குத் தெரியாதுடா.

— உனக்கு எப்படித் தெரியும்?

— இங்க வா. உட்காரு. பக்கத்துல இருக்கறவன் பேரை எதுக்குடா கூப்பிடணும்? இல்லாதவளைத்தானே கூப்பிடுவாங்க.

— போம்மா.

— மூக்கைச் சிந்து. என் புடவையில இல்ல, அந்தத் துண்டுல.

— சரிம்மா. ஒண்ணு கேட்கறேன். அவ வரான்னே வச்சுக்கோ. அழுதுக்கிட்டே வந்து நிப்பா. நீ இங்க ரொட்டி தின்னுக்கிட்டு உட்கார்ந்திருப்பே. வாசல்லயே திரும்பிப் போயிடுவா. இந்தத் தடவை சாவுக்குக்கூட வரமாட்டா. அது போதுமா உனக்கு?

— வாசல் வரைக்கும் வருவா இல்ல? திட்டறதுக்காவது என் மூஞ்சியைப் பார்ப்பா இல்ல? எனக்கு அது போதும். அவ வந்து சேர்ற வரைக்கும் அந்த ஸ்லைடை அழிக்காதே. அது வரைக்கும் நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன்.

— என் ஃபோன் அடிக்குது. காலைலேர்ந்து ஏதோ தெரியாத நம்பர். துக்கம் விசாரிக்கறவங்கன்னு நான் எடுக்கவே இல்ல.

— தெரியாத நம்பரா? எடு. எடுடா! ஸ்பீக்கர்ல போடு.

— அவளா இருந்தா நான் என்னன்னு சொல்றது?

— தூக்கத்துலயே போயிட்டேன்னு சொல்லு. நான் மூச்சுவிட மாட்டேன். அடுத்தவங்க லைன்ல சத்தமில்லாம உட்கார்ந்து சம்பளம் வாங்கினவ நான். எடு.

— ஹலோ.

— நான்தான்.

— மிளகா.

— காலைலேர்ந்து கூப்பிடறேன். இப்பத்தான் எடுக்கணும்னு தோணுச்சா?

— இல்ல, வந்து... இங்க ஒரே ஆளுங்க. எங்க இருக்கே?

— பஸ்ஸுல. அம்மா எப்படிப் போனாங்க?

— தூக்கத்துலயே. ரொம்ப அமைதியா.

— அமைதியாவா? அம்மாவா?

— ஆமா.

— பக்கத்துல யார் இருந்தா?

— நான்தான். நான் மட்டும்தான் இருந்தேன்.

— கடைசியா ஏதாவது சொன்னாங்களா?

— உன் பேரைச் சொன்னாங்க. அதை மட்டும்தான் சொன்னாங்க. இது நிஜம் மிளகா, சத்தியமா.

— மத்ததெல்லாம்?

— என்ன மத்ததெல்லாம்?

— சரி விடு. கடைசிப் பக்கத்துல கேள்வி இருக்கான்னு கேட்டிருக்கே. எனக்கு ஒண்ணு இருக்கு.

— அது டெம்ப்ளேட்... சரி, கேளு.

— காலைல உன் ப்ளாக்ல பார்த்தேன். அம்மா தோள் மேல ஒரு கை மட்டும் இருந்துச்சு. என் கைன்னு பார்த்ததும் தெரிஞ்சுது. வெட்டினவனுக்கு அதைக்கூட முழுசா வெட்டத் தெரியலையேன்னு அழுதுக்கிட்டே பஸ் ஏறினேன். இப்போ உன் ப்ளாக்ல அந்தப் பதிவே காணோம். சங்கத்து ப்ளாக்ல போய்ப் பார்த்தேன்.

— அதுல என்ன?

— நான் இருக்கேன். ஸ்டூல் மேல முழுசா நிக்கறேன், ஹெட்போனோட. யார் மாத்தினது?

— நான்... நான்தான் மாத்தினேன். மனசு கேட்கல.

— ஆல்பத்துல இருந்ததை நீ கத்தரிச்சுட்டேன்னு மாமா பையன் அப்பவே சொன்னான். கத்தரிக்காதது ஒண்ணே ஒண்ணுதான், அம்மாவோட பெட்டியில. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதை மட்டும் குடுன்னு கேட்டேன். தரமாட்டேன்னாங்க. அந்தப் பெட்டியை அவங்க யாரையும் தொட விட்டதில்ல. அப்படி ஒரு படம் அதுல இருக்கறதே உனக்குத் தெரியாது.

— மிளகா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு...

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம்ணா. பஸ் அடுத்த ஸ்டாப்ல நிக்கப் போகுது. இறங்கித் திரும்பறதா, அங்க வர்றதான்னு நான் முடிவு பண்ணணும். ஃபோனை அம்மாகிட்ட குடு.